காராமணி போட்ட பீஃப் சில்லி

எங்கள் வீட்டில் பீஃப் சில்லி என்றால் அதில் காராமணி இருக்கும். ரோட்டோரத் தள்ளுவண்டியில் சிவப்புக் கலர் போட்டு, மேலே வெங்காயம் தூவித் தருகிறார்களே, அது வேறு. எங்களுடையது என் மனைவி கண்டுபிடித்தது. நான் வேலை செய்த கம்பெனி ஒரு சமயம் கதவைச் சாத்திவிட்டது. அப்போது அரைக் கிலோ கறியை வைத்து வீட்டில் எல்லோருக்கும் வயிறு நிறைய வேண்டும் என்று அவள் செய்த வேலை அது. பிறகு தேர்வாய் கண்டிகையில் வேறு கம்பெனி கிடைத்தது, கையில் கொஞ்சம் காசு நின்றது. ஆனாலும் அவள் காராமணியை விடவில்லை. எங்களுக்கும் பழகிவிட்டது. காராமணி இல்லாமல் சில்லி சாப்பிட்டால் பாதியில் எழுந்து வந்த மாதிரி இருக்கிறது என்று என் மகள் சொல்வாள்.

என் மனைவி செய்யும் விதம் இது. சனிக்கிழமையே காராமணியை ஊறப் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போதே வேதப்புத்தகத்தோடு ஒரு துணிப்பையும் கையில் இருக்கும். சபை முடிந்து வரும் வழியில்தான் கறிக்கடை. தொடைக்கறி கேட்க மாட்டாள். கழுத்துப் பக்கமும் விலாப் பக்கமும் கலந்து, ஜவ்வோடு, கொஞ்சம் எலும்போடு வாங்குவாள். விலையும் குறைவு, ருசியும் அதில்தான் என்பாள். ஒரு கொழுப்புக் கட்டியைக் கடைக்காரர் சும்மா போட்டுத் தருவார். வீட்டுக்கு வந்ததும் கறியை அரிவாள்மனையில் சின்னச் சின்னதாக, காராமணியைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக அரிந்துவிடுவாள். அப்போதுதான் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டு வரும். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டுக் குக்கரில் வேகவைப்பாள். வெந்த தண்ணீரை வடித்து, அதில் மிளகு தட்டிப் போட்டால் ரசம். மிளகாய் ஆந்திரா பக்கத்திலிருந்து வருகிற நீட்டு மிளகாய். அதை வெந்நீரில் ஊறவைத்து சோம்பு, பூண்டு சேர்த்து அரைப்பாள். கலரும் அதுதான், காரமும் அதுதான். இரும்புச் சட்டியில் அந்தக் கொழுப்புக் கட்டியை நறுக்கிப் போட்டு உருக்கி, வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, அரைத்த மிளகாயைப் போட்டு, பச்சை வாசனை போனதும் கறியையும் தனியாக வேகவைத்த காராமணியையும் கொட்டிப் புரட்டுவாள். எண்ணெய்ச் செலவே கிடையாது. இறக்கும்போது பாதி எலுமிச்சம்பழம்.

இத்தனையும் சொல்கிறேனே தவிர, அவள் இருந்தவரை நான் அந்தச் சட்டியைத் தொட்டதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான்.

கத்திரி வெயில் முடிகிற சமயத்தில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், வண்டியில் கொண்டுவந்து வீட்டில் இறக்கினார்கள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மறைக்கவில்லை, உண்மையாகவே இல்லை. அந்த நாளை நினைத்தால், கண்ணாடி ஏற்றிவிட்ட கம்பெனி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வெளியே பார்த்தது போலத்தான் இருக்கிறது. ஆட்கள் வாயை அசைக்கிறார்கள், சத்தம் கேட்கவில்லை.

அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி. சோழவரம் பக்கத்தில் வீடு, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே போகும்போது போனை கேட்டில் இருக்கிற பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும், ஷிஃப்ட் முடிந்துதான் எடுக்க முடியும். அன்றைக்கு அவன் உள்ளே இருந்தான். எத்தனையோ தடவை அடித்தோம், போன் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஜனத்தில் ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்தி, முகம் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். என் மனைவியின் பிறந்த வீட்டார் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆனால் இதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வழக்கம்தான். அன்றைக்குக் கரண்டு போய்விட்டது. ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. வெயில் கொளுத்தியது. இனிமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் கூடிப் பேசித் தூக்கிவிட்டார்கள். அவன் கையில் சேலையோடு கல்லறைத் தோட்டத்துக்கு ஓடிவந்தபோது மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனுக்காக ஒரு மணி நேரம் வெக்க முடிலயா உங்களுக்கு?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான். "பாரு, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்லு மாரி நின்னுகினு கீறான் பாரு" என்றான். சேலையை மண் மேலே போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அவன் வராததில் ஒரு சிக்கல் இருந்தது. பெண் செத்த வீட்டில் அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. வேகவைக்கலாம், வடிக்கலாம். வறுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வந்து, தன் கையால் சட்டியை ஏற்றி எண்ணெய் ஊற்றி, கறி ஆக்கிப் போட வேண்டும். உப்பும் அவன்தான் போட வேண்டும். அதைச் சாப்பிட்டால் துக்கம் எடுத்தாச்சு என்று அர்த்தம். சாதாரணமாக இதெல்லாம் காரியத்தோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் மழைக்காலம் வரைக்கும் சட்டி ஏறவில்லை.

எங்கள் பாஸ்டர் ஒருநாள் வந்து, "துக்கம் எடுக்கிறதுக்கு மச்சான் எதுக்குங்க? கர்த்தர் எடுத்துப் போடுவாரு. தாராளமா சட்டிய வைங்க" என்றார். ஆமென் என்று சொன்னேன். அவர் சொன்னது சரி என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் சட்டியை வைக்கவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றினேன் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. சட்டி ஏறாதது எனக்கு வசதியாக இருந்தது. சோறு, வேகவைத்த பருப்பு, தாளிக்காத ரசம். ஷிஃப்ட் முடிந்து வந்தால் அதைக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடலாம். யாரும் எதையும் கேட்காத சாப்பாடு அது.

கேட்டது மகள்தான். அவள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, "ப்பா, நாளைக்கு பீஃப் சில்லி செய்" என்றாள்.

"மாமா வந்து எண்ணெ ஊத்தணுமே."

"வர்றவரா இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டாரா? எனக்கு வேணும்ப்பா. அம்மா செய்யிற மாதிரியே வேணும். தாளிக்காத ரசத்தப் பார்த்தாலே எங்கயாவது ஓடிப் போயிடலாம் போல கீது."

சரி என்றேன். காராமணியை எடுத்து ஊறப் போட்டேன். படுக்கையில் ஒரு யோசனை வந்தது. வழக்கம் என்ன சொல்கிறது? எண்ணெய் ஊற்றக் கூடாது. என் மனைவியின் சில்லியில்தான் எண்ணெயே கிடையாதே, கொழுப்புதானே? ஆகவே நான் செய்தால் வழக்கம் மீறின மாதிரி ஆகாது. இப்படி நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். இப்போது எழுதும்போது எனக்கே எப்படியோ இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது ரொம்பச் சரியான நியாயமாகப் பட்டது.

ஆராதனை முடிந்து கறிக்கடைக்குப் போனேன். மழைக்கு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் கத்தியைத் தீட்டிக்கொண்டே சிரித்தார்.

"இன்னாண்ணே, ஆளையே காணம்? வேற கடையப் புட்சிட்டீங்களா?"

"இல்ல பாய்."

"அக்கா வரல?"

"வரல."

"ஊருக்குப் போய்க்கிறாங்களா?"

பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"அக்கா கணக்கு எனக்குத் தெரியும்ணே. கழுத்து பாதி, விலா பாதி. இந்தா, கொழுப்பும் போட்டுட்டேன். போடலன்னா அடுத்த வாரம் வந்து என்னத் தோய்ச்சித் தொங்க வுட்ரும்." பின்னால் நின்றவர் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பையை வாங்கினேன். வரும் வழியெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். அப்புறம் அதையும் விட்டுவிட்டேன்.

வீட்டில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கறியை அரிந்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"ப்பா, இது இன்னா, கறியா கருங்கல் ஜல்லியா? அம்மா பார்த்தா அப்டியே மூஞ்சில அடிக்கும். எழுந்திரு, எழுந்திரு."

என்னை எழுப்பிவிட்டு அவளே அரிந்தாள். தாயின் கை மாதிரியே ஓடியது. மஞ்சள் போட்டாள், உப்புப் போட்டாள், இஞ்சி பூண்டைத் தட்டிப் போட்டுக் குக்கரை மூடினாள். நான் காராமணியைத் தனியாக வேகவைத்தேன். அவள் மிளகாய் அரைத்தாள், வெங்காயம் நறுக்கினாள். மத்தியானத்துக்குள் கறி வெந்து குக்கரை இறக்கியாகிவிட்டது. தண்ணீரை ரசத்துக்கு வடித்து வைத்தோம். இனிமேல் சட்டி வேலைதான் பாக்கி.

பரண் மேலிருந்து இரும்புச் சட்டியை எடுத்தேன். துருப் பிடித்திருந்தது. தேய்த்துக் கழுவித் துடைத்து, கொழுப்பை நறுக்கி அதில் போட்டேன். அடுப்பின் மேல் வைக்கப் போனபோது மகள் குறுக்கே வந்து சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாப்பா பண்ற?"

"கொழுப்ப உருக்கப் போறேன். எண்ணெதான் ஊத்தக் கூடாது. இது எண்ணெ இல்லியே."

"சட்டி ஏறுதேப்பா."

"வெறும் சட்டி ஏறலாம்."

"இந்தச் சட்டம் எந்தக் கோர்ட்ல போட்டாங்க? நீயா எழுதிகினியா?"

"நேத்து நீதானம்மா வேணும்ன."

"நேத்து சொன்னேன்." அவள் காதை விடவில்லை. "இப்ப நீ ஏத்துறதப் பார்த்தா ஒரு மாதிரி கீதுப்பா. நாமளே ஏத்திட்டோம்னா மாமாக்கு இந்த ஊட்ல வேலையே இல்லன்னு ஆயிடும். அவரு வர்றதுக்கு இருக்கிறது இந்த ஒரு வழிதான். அதயும் அடைச்சிட்டா, எனக்கு அம்மா பக்கத்துல வேற யாரு கீறா சொல்லு?"

நியாயம்தான். அவன் ஒருத்தனும் இல்லையென்றால், அவள் அம்மா எங்கிருந்து வந்தாள் என்று காட்டுவதற்குக்கூட அவளுக்கு ஒரு வாசல் இருக்காது. இது எனக்குப் புத்திக்குத் தெரிந்தது. ஒரு தகப்பன் அந்த நேரத்தில் மகளை அணைத்துக்கொண்டிருக்க வேண்டும், ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சட்டியைக் கீழே வைத்தேன்.

அவள் போனை எடுத்து அவனுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அப்புறம் வாட்ஸப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மாமா, நான்தான். பீஃப் சில்லி செய்யறோம். கறி வெந்திடுச்சி. சட்டி இன்னும் ஏறல. நீ வந்து ஏத்தணும். அப்பா ஏத்தப் பார்த்தாரு, நான்தான் வுடல. நீ வந்தாதான் நாங்க சாப்பிடுவோம். வராட்டி இப்பவே சொல்லிடு மாமா, கறிய எடுத்து நாய்க்குப் போட்டுர்றேன்."

"நாய்க்கா?" என்றேன்.

"அப்டி சொன்னாத்தான் வருவாரு. எங்க மாமா கறிய வீண் பண்ண வுடாது."

பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்திருந்தது, ஆனால் அவன் இன்னும் கேட்கவில்லை என்று திரையைக் காட்டினாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் போட்டிருப்பார்கள். போன் பெட்டியில் இருக்கும்.

"அப்போ சாயங்காலம் ஆயிடும்மா" என்றேன்.

"ஆவட்டும்."

"உனக்குப் பசிக்குமே. வேற எதுனா..."

"அன்னைக்குத்தான் மாமாக்காக வெக்கல. இன்னைக்காவது வெச்சிருப்போம்ப்பா" என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தாள், பிஸ்கெட் தொட்டுக்கொண்டோம். நறுக்கின வெங்காயத்தின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. பக்கத்து வீட்டில் யாரோ மீன் வறுத்தார்கள். அந்த வாசனை வந்ததும் அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

நான் வேதப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எழுத்து எழுத்தாகக் கண்ணில் போனது. மூடி வைத்துவிட்டு முழங்கால் போட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளைக்காக அவன் வரட்டும் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். உள்ளே எதுவும் அசையவில்லை. அசைந்தால்தான் ஜெபம் என்று நான் நினைக்கவில்லை. வேலைக்குப் போவது போலத்தான். மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். மனைவி போன பிறகு நான் ஜெபத்தில் போய் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அவர் பார்த்துக்கொள்வார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மகள், "கேட்டுட்டாரு" என்றாள். போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் கேட்டுவிட்டான். ஆனால் வரேன் என்றும் இல்லை, வரல என்றும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து அவன் வீட்டுக்குப் போகிற ரோடு வேறு, எங்கள் பக்கம் வருகிற ரோடு வேறு. இந்நேரம் வண்டியை எந்தப் பக்கம் திருப்பியிருப்பான் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப அதையே நினைத்தேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. கம்பெனிச் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே வந்தான். கையில் ஒரு எண்ணெய் பாக்கெட். முனைக்கடையில் வாங்கியிருப்பான். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஏன் பாப்பா, மாமனுக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சிகினியா? கறிய நாய்க்குப் போடுவியா நீ?"

"வேல இருந்தா நீ இங்க வந்திருக்க மாட்டியே."

"வாயப் பாரு. அப்டியே எங்க அக்கா வாயி."

துண்டு கொடுத்தாள். தலையைத் துவட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனான். குக்கரைத் திறந்தான். கறியின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எப்போ எறக்குனது இது?"

"மத்தியானம்" என்றாள் மகள்.

"அப்பத்துலேந்தா வெச்சிகினு கீறீங்க? ரெண்டு பேரும் துன்னலியா?"

"நீ வரணும்ல."

மூடியை மெதுவாக அதன் மேலேயே வைத்தான். பிறகு, "லைட்டரு எங்க கீது?" என்று கேட்டான்.

சட்டியை ஏற்றினான். நான் என் வழக்கப்படி கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னேன். அவன் தன் வழக்கப்படி அடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாக்கெட்டைப் பல்லால் கிழித்து எண்ணெய் ஊற்றினான். வெங்காயம் விழுந்ததும் சட்டி சத்தம் போட்டது. எத்தனையோ மாதம் கழித்து அந்த வீட்டில் கேட்ட சத்தம். மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அது சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

நறுக்கி வைத்த கொழுப்பையும் அதிலேயே போட்டு உருக்கினான். மிளகாய் அரைத்ததைப் போட்டுப் புரட்டினான். கறியைக் கொட்டினான். அப்புறம் பக்கத்துப் பாத்திரத்தைத் திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இது இன்னா இது?"

"காராமணி மாமா. போடணும்."

"இவ்ளோவா? கறியில காராமணியா, காராமணியில கறியா?"

"அம்மா அப்டித்தான் செய்யும். அம்மாவே கண்டுபிடிச்சது."

"எங்க அக்காவா?" அவன் கரண்டியோடு திரும்பினான். "எங்க ஊட்ல இருந்த வரைக்கும் காராமணியக் கண்டாலே எழுந்து ஓடும் அது. பொறுக்கிப் பொறுக்கி என் தட்டுல போடும். அதுவா?"

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அவள் எங்களோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாள். பிடிக்காது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான்தான் அவளுக்கு அது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி மூடிக் கெடந்தப்போ ஆரம்பிச்சா" என்றேன். கல்லறைத் தோட்டத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவன் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "கம்பெனி மூடுனத என்கிட்ட சொல்லவே இல்ல" என்றான்.

"அவதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா."

காராமணியை மொத்தமாகக் கொட்டினான். நன்றாகப் புரட்டினான். மகள் எலுமிச்சம்பழம் இல்லையென்று குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அடுப்படியில் நானும் அவனும் மட்டும்தான்.

"உப்பு போட்டுக்கீதா?"

"தெரியல" என்றேன். மகள் குக்கரில் போட்டதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கேட்டபோது ஞாபகத்தில் எதுவும் இல்லை.

"எப்டியும் நான்தான் போடணும்" என்று ஒரு கை அள்ளிப் போட்டான்.

பாய் விரித்து உட்கார்ந்தோம். முதல் தட்டு எனக்குத்தான் போட வேண்டும், அதுவும் அவன்தான் போட வேண்டும். கரண்டியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து ஒரு கணம் நின்றான். போட மாட்டானோ என்று மகள் அவன் முகத்தையே பார்த்தாள். போட்டான். சோறு, அதன் மேல் சில்லி, பக்கத்தில் ரசம். பிறகு மகளுக்கு, பிறகு தனக்கு. நான் சாப்பிட ஆரம்பித்தேன்.

மகள் ஒரு வாய் வைத்தாள். "ஐயோ மாமா! உப்பு!" என்று தண்ணீர்ச் சொம்பை எடுத்தாள்.

அவனும் ஒரு வாய் வைத்தான். "ஐயே, கடல் தண்ணி!" என்று துப்பப் போய் விழுங்கினான். "பாப்பா, நீ முன்னாடியே போட்டுட்டியா?"

"குக்கர்லயே போட்டேன் மாமா. காராமணியிலயும் போட்டுக்கீது. நீ கேக்க மாட்டியா?"

"கேட்டேனே, உங்க அப்பாவ..." என்று என் பக்கம் திரும்பினான். என் தட்டில் பாதி காலியாகியிருந்தது. அவன் என் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமா, நீ பாட்டுக்குத் துன்னுகினு கீற? உப்புக் கரிக்கலியா உனுக்கு?"

"தெரியல."

"தெரியலயா? காரமாவது தெரியுதா?"

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கவனமாக மென்று பார்த்தேன். பொய் சொல்ல வேண்டாம் என்றுதான். கறி மெத்தென்று வெந்திருந்தது தெரிந்தது. சூடு தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

"இல்ல" என்றேன்.

"எப்பத்துலேந்து?"

"அன்னிலேந்துதான்."

மகள் சொம்பைக் கீழே வைத்தாள். அவளிடமும் நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. தாளிக்காத ரசத்தை அவள் மட்டும்தான் கஷ்டப்பட்டுக் குடித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லு என்று சொன்னவன். இப்போதும் ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். அவன் தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பாயில் நகர்ந்து நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சோற்றுக் குண்டானை இழுத்து என் தட்டில் வெறும் சோற்றைப் போட்டான். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தான்.

"சோத்த ஜாஸ்தி போட்டுக்கோ மாமா. உப்பு அடங்கிடும்."

"எனக்குத்தான் தெரியலியே மச்சான்."

"உனுக்குத் தெரியாட்டி போய்ட்டுப் போவுது. உடம்பு கெட்டுப் போவும் இல்ல? துன்னு. பாப்பா, நீயும் துன்னு. இவ்ளோ நேரம் வெச்சிகினு இருந்தீங்களே எனுக்காக."

தள்ளி வைத்த தட்டை இழுத்துக்கொண்டான். குனிந்துகொண்டு, அவ்வளவு உப்பையும் சேர்த்துத் தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தான். காராமணியை ஒன்றுகூடத் தள்ளி வைக்கவில்லை.

நான் சாப்பிட்டேன். தட்டு காலியாக ஆக, அவன் சோறு போட்டுக்கொண்டே இருந்தான். போதும் என்று சொல்ல வேண்டும், ஆனால் எவ்வளவு போதும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மகள்தான் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.